கோச்சே, கார்ரோ, அவுத்தோ: ஒரு வண்டி, மூன்று வரலாறுகள்

லத்தீன் அமெரிக்கக் கதைகளைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வாசித்துவந்திருக்கிறோம். அங்கே ஓடுகிற வண்டியெல்லாம் நமக்கு வெறும் ‘கார்’தான். மூலத்தில் அது ‘கோச்சே’யா, ‘கார்ரோ’வா, ‘அவுத்தோ’வா என்று நாம் கேட்பதில்லை. மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பவைதானே, இதிலென்ன இருக்கு என்று தோன்றலாம். இருக்கிறது என்பதே என் வாதம்.

ஸ்பெயினில் மோட்டார் காரின் பெயர் கோச்சே. கொலம்பியா, வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோவில் கார்ரோ. அர்ஜென்டினா, சிலி, உருகுவேயில் அவுத்தோ. குவாத்தமாலாவில் கோச்சே என்றால் பன்றி!

கோச்சே என்பது ஹங்கேரியின் கோச் என்ற ஊர்ப் பெயரிலிருந்து கிளம்பி, ஐரோப்பிய மொழிகளில் குதிரை வண்டியின் பெயராகப் பரவிய சொல். ஸ்பெயினில் அது மேட்டுக்குடியின் வாகனம். அரச அனுமதியில்லாமல் ஆண்கள் அதில் போகக்கூடாது என்று 1611இல் மூன்றாம் பிலிப் மன்னன் ஆணையிட்டான். ஆக, யார் எதில் ஏறலாம் என்பதே அதிகாரத்தின் விவகாரம். கார்ரோவோ சுமை வண்டி. லத்தீன் வழி வந்த சொல்; லத்தீனுக்கே அது கெல்டிய மக்களிடமிருந்து கிடைத்தது. ஸ்பெயினில் இன்றும் கார்ரோ என்றால் கட்டை வண்டிதான். மோட்டார் வந்தபோது ஸ்பெயின் அதைச் சீமான்களின் பெயரில் உட்காரவைத்தது; கரீபியக் கரை நாடுகள் சுமை வண்டியின் பெயரில் ஏற்றிக்கொண்டன.

கார்ரோவின் இந்தப் புதுப் பொருளில் ஆங்கிலக் ‘கா’ரின் செல்வாக்கு உண்டு, அதனால் அது கலப்படம் என்பார்கள். கோச்சே மட்டும் ஹங்கேரியிலிருந்து வந்ததாச்சே! தூய்மை என்பது பெரும்பாலும் எந்தக் கலப்பு முந்தியது என்கிற கணக்குத்தான்.

ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரே ஸ்பெயின்காரர். ஆனால் 1713இல் மத்ரித்தில் தோன்றிய அகாதெமிதான் நெடுங்காலம் சொற்களுக்கு முத்திரை குத்தியது. அகாதெமிகளின் கூட்டமைப்பு 2010இல் ‘அமெரிக்கச் சொற்கள் அகராதி’ ஒன்றை வெளியிட்டது. பெரும்பான்மையின் சொற்களுக்குத் தனிக்கொட்டகை! மையத்தின் பேச்சு ‘மொழி’. விளிம்பின் பேச்சு ‘வழக்கு’. இது நமக்கும் பழக்கமான ஏற்பாடுதான்.

அவுத்தோ, நம்ம ஊர் ஆட்டோவின் அதே வேர்தான். அங்கே நாலு சக்கரம். 1928இல் பியூனஸ் அயர்ஸில் சவாரி கிடைக்காத டாக்சி ஓட்டுநர்கள் பல பேரைச் சேர்த்து ஏற்றி, ஒரே தடத்தில் ஓடத் தொடங்கினார்கள். அது ‘அவுத்தோ கொலெக்தீவோ’, கூட்டு வண்டி. பிரிட்டிஷ் மூலதனத்தின் டிராமுக்கு அது போட்டியாச்சு. டிராம், பஸ், கூட்டு வண்டி எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவர 1936இல் சட்டம் வந்தது. கூட்டு வண்டிக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்த நிறுவனம் பிறகு கலைந்துபோனது. சொல் நிலைத்தது, அதுவும் எப்படி? ‘அவுத்தோ’ உதிர்ந்து ‘கொலெக்தீவோ’, அதாவது ‘கூட்டு’, மட்டும் மிஞ்சியது. இன்றும் அந்நகரத்தில் பஸ்ஸுக்கு அதுதான் பெயர்.

விளிம்பின் சொல் எல்லாமே விடுதலையின் சொல் என்று நான் சொல்லவரவில்லை. பியூனஸ் அயர்ஸும் தன் நாட்டுக்குள் ஒரு மையம்தான். ஆனால் இவை எல்லாவற்றையும் ‘கார்’, ‘பஸ்’ என்று சமப்படுத்துகிற மொழிபெயர்ப்பு, ஏறியவர் யார், ஏறக்கூடாதவர் யார், சேர்ந்து ஏறியவர் யார் என்கிற வரலாற்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.