கரண்டியின் பின்புறம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து நெசவைப் பற்றி எழுதுவதற்காகப் பழைய சாய நூல்களைத் தேடினேன். எத்தல் மேரே என்ற ஆங்கிலப் பெண்மணி 1916-இல் வெளியிட்ட தாவரச் சாயப் புத்தகம் அகப்பட்டது. அவருடைய முதல் கணவர் ஆனந்த குமாரசாமி! கொழும்பில் 1877-இல் பிறந்தவர், சர் முத்து குமாரசாமியின் மகன். எத்தலின் உடன்பிறந்த பிரெட் பார்ட்ரிட்ஜ் நகை செய்பவர். சிப்பிங் கேம்டன் என்னும் சிற்றூரில் சி. ஆர். ஆஷ்பி நடத்திய கைவினைச் சங்கத்தில் வேலை பார்த்தவர். அவுரிச் சாயத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சங்கத்தின் இழையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஷ்பி 1888-இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய சங்கம் அது. 1902-இல் தொழிலாளர்களும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 150 பேர் கேம்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் அடித்த வெள்ளிக் கரண்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழிவில் சுத்தியல் தழும்பு அப்படியே தெரியும். மெருகு போட்டு அழிக்கவில்லை. காம்பு நுனியில் பொடிக் கல் ஒன்று. ஆய்வாளனுக்கு வேண்டியது பின்புறத்தில் இருக்கிறது: சங்கத்தின் முத்திரை, வெள்ளியின் தரத்துக்குச் சிங்கம், லண்டனில் சோதித்ததற்குச் சிறுத்தைத் தலை, ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்து. சின்ன ‘ஜி’ இருந்தால் 1902, ‘எச்’ இருந்தால் 1903.

லண்டன் லிபர்ட்டி கடை 1899-இல் இதே சாயலில் ‘கிம்ரிக்’ வெள்ளிச் சாமான்களை இறக்கியது. பர்மிங்காமில் அச்சில் அடித்து, மேலே சுத்தியல் தழும்பையும் போட்டு, மலிவாக விற்றார்கள். ஒவ்வொரு கரண்டியாகத் தட்டி எடுத்தவர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள்? விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதைப் படிக்கும்போது வயிறு எரிந்தது. 1908-க்குள் சங்கம் நொடித்துப்போனது. வெள்ளிக் கொல்லர் ஜார்ஜ் ஹார்ட் அங்கேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தார். அவர் வழிவந்தவர்களின் பட்டறை இன்றும் கேம்டனில் நடக்கிறது.

சங்கத்துக்கு ஓர் அச்சகமும் இருந்தது. அது குமாரசாமி கைக்கு வந்தது. பக்கத்துப் பிராட் கேம்டனில், ஆஷ்பி அவருக்காகச் செப்பனிட்டுக் கொடுத்த பழைய தேவாலய வீட்டில் வைத்து, ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலை அவர் அச்சிட்டார். நூலின் அச்சுக் குறிப்பே சாட்சி: 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பரில் முடித்த வேலை, 425 படிகள், கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மாரிஸ், கவிஞர் சாசரின் நூலை அச்சிட்ட அதே எந்திரம். கண்டிச் சீமையின் பொன், வெள்ளிக் கொல்லர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை விரிவாகச் சொல்லும் நூல் அது. கேம்டன் கொல்லர்கள் பட்டறையை இழந்துகொண்டிருந்த அதே மாதங்களில், அவர்களுடைய அச்சகத்தில்தான் அந்தப் பக்கங்களுக்கு எழுத்துக் கோத்தார்கள்.