எங்க போற மக்ளே?

அஞ்சுகிராமம் சந்திப்பில் நின்று யாரிடமும் வழி கேட்கலாம். கன்னியாகுமரி இந்தப் பக்கம், நாகர்கோவில் அந்தப் பக்கம், கூடங்குளத்துக்கு நேரே போ என்று நின்ற இடத்திலிருந்தே கை நீட்டிச் சொல்வார்கள். ஆனால் கேட்பவள் தனியாக பைக்கில் வந்த பெண் என்றால், வழிக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "எங்க போற மக்ளே? கூட ஆளு இல்லியா?" பெரும்பாலும் அக்கறையில் கேட்பதுதான். ஆனாலும் ஆண் கேட்டால் வழி மட்டும் கிடைக்கிறது. பெண் கேட்டால் முதலில் தன் பயணத்துக்கு அவள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பைக் பயணத்துக்கு ஜி.பி.எஸ். வந்த கதையைச் சொல்பவர்கள் திரை எத்தனை அங்குலம், மழை தாங்குமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியிலிருந்து அது தந்த விடுதலையைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லையே.

நாஞ்சில் நாட்டில் சாலை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் தோள்சீலை அணிந்த நாடார் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டம் 1859 வரை நீண்டது. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கு 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. யார், எந்தத் தெருவில், எந்தக் கோலத்தில் போகலாம் என்பதை ஊர்தான் தீர்மானித்தது. "எங்க போற" என்ற கேள்விக்கு அந்தப் பழைய அதிகாரத்தின் வாசனை கொஞ்சம் உண்டு.

சாலை அப்படி என்றால் வரைபடமும் அப்படித்தான். 1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து வேலையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், சில ஆண்டுகளில் தீபகற்பத்தின் தென்முனைக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவின் நடுவே தெற்கு வடக்காக அளக்கப்பட்ட அந்தப் பெரும் வளைவின் தென்கோடி நிலையம், கன்னியாகுமரி அருகே, ஆவணங்களில் 'புன்னை' என்று குறிக்கப்படும் இடம். அட்சரேகை 8 பாகை 9 நிமிடம். அஞ்சுகிராமத்துக்கும் ஏறக்குறைய அதுவேதான். ஏறக்குறைய அரை டன் எடையுள்ள கோணமானியைக் கூலியாட்கள் தூக்கித் திரிந்தார்கள். பூமியின் சரியான வடிவத்தைக் கண்டுபிடிப்பது அந்த வேலையின் நோக்கங்களில் ஒன்று. அந்த அளவைக் கதையின் புகழ்பெற்ற பெயர்களில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை.

அதே பூமியின் வடிவத்தை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு கணினியில் கணக்கிட்டவர்களில் கிளாடிஸ் வெஸ்ட் ஒருவர். 1930இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். படிப்பு ஒன்றே வயல்வேலையிலிருந்து வெளியேறும் வாசல் என்று உணர்ந்து கணிதம் படித்தார். 1956இல் டால்கிரனில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சேர்ந்த இரண்டாவது கறுப்பினப் பெண் அவர். செயற்கைக்கோள்கள் அனுப்பிய அளவுகளைக் கொண்டு, ஈர்ப்பு விசை மேலும் கீழுமாய் இழுப்பதால் பூமி எங்கே புடைத்திருக்கிறது, எங்கே குழிந்திருக்கிறது என்பதைக் காட்டும் மாதிரியைச் செம்மைப்படுத்தினார். அது சரியாக இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். தப்பான இடத்தைக் காட்டும்.

இந்தக் குழிவு விஷயம் நமக்கு நெருக்கமானது. உலகத்திலேயே மிகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம் இந்தியாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. கடல்மட்டமே அங்கே, பூமிக்குக் கணக்கிட்ட சீரான வடிவத்தைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அதன் சரிவில் நாம் குடியிருக்கிறோம். திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். உயரத்தை மட்டும் நம்பினால், கன்னியாகுமரிக் கரையில் பைக்கை நிறுத்தியவள் கடலுக்கடியில் 90 மீட்டருக்கும் கீழே நிற்பதாகத் தெரியும். அவளை மேலே தூக்கிக் கரையில் நிறுத்துவது வெஸ்ட் போன்றவர்கள் போட்ட கணக்கு. அவருக்கு அமெரிக்க விமானப்படை மரியாதை செய்தது 2018இல், 88 வயதில். வெளியே போகும்போது தனக்குக் காகித வரைபடமே பிடிக்கும் என்று அவர் சொன்னதாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பெண்கள் இந்தக் கருவிக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1934 டிசம்பரில் தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரான் என்ற இருவர், பக்கவண்டி பூட்டிய 600 சிசி பாந்தர் மோட்டார் சைக்கிளில் லண்டனிலிருந்து கிளம்பி, திசைகாட்டிகூட இல்லாமல் சகாராவைக் கடந்து, அடுத்த ஆண்டு ஜூலையில் கேப் டவுன் சேர்ந்தார்கள். நம் பக்கத்தில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். துணிச்சலுக்குப் பஞ்சமே இல்லை. வழியில் யாரிடம் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல்.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983இல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்த பிறகுதான், பொதுமக்களுக்கும் அது கிடைக்கும் என்று அறிவித்தார்கள். கொடுத்தபோதும் வேண்டுமென்றே பிழை கலந்துதான் கொடுத்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கும் வரை, நூறு மீட்டர் தள்ளிக் காட்டினாலும் பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பிழை நீங்கிய பிறகே எந்தச் சந்தில் திரும்புவது என்று சொல்லும் கருவிகள் ஹேண்டில்பாரில் ஏறின.

அந்தக் கருவியின் ஒரு குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அது கேட்கும், பேசாது. ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது கருவி. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. நீ யார், எங்கே போகிறாய் என்று அந்தச் செயற்கைக்கோள்களுக்குத் தெரியாது. ஒரு பெண் எங்கே இருக்கிறாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்திருக்கும் ஏற்பாடு, நம் சமூகத்தில் எத்தனை அபூர்வம்!

அதைச் செல்பேசி மாற்றிவிட்டது. 2017 அக்டோபரில் வாட்ஸ்அப்பில், இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி மற்றவருக்குக் காட்டும் வசதி வந்தது. டிசம்பரில் கூகுள் மேப்ஸ் இந்தியாவில் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டத் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து மாதங்களுக்குள் வண்டியும் வந்தது, வழியும் வந்தது, அவற்றுக்கு முன்பே கண்காணிப்பும் வந்துவிட்டது. முன்பு சந்திப்பில் நின்றவர் கேட்ட கேள்வியை இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி கேட்கிறார்கள்: "ஏன் அரை மணி நேரமா புள்ளி அசையவே இல்ல?" டீ குடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

இருட்டிய பிறகு ஆளில்லாச் சாலையில் போகும்போது தோழிக்கு இடத்தை அனுப்பி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதை வண்டி ஓட்டுபவள் முடிவு செய்ய வேண்டும். "அனுப்பினால்தான் சாவி" என்பது வேறு விஷயம்.

பயணத் திட்டத்திலும் இதே வித்தியாசம்தான். கருவி குறுகிய வழியைச் சொல்லும், அது வயல்வெளிக்குள் போகும் ஒற்றைத் தடமாக இருந்தாலும். அதனால் பெண்கள் இடையே நிறுத்தப் புள்ளிகளைத் தாங்களே வைக்கிறார்கள்: சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், ஆள் நடமாட்டமுள்ள பேருந்து நிறுத்தம், அந்தி சாய்வதற்குள் தொட வேண்டிய ஊர். அஞ்சுகிராமத்திலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போவதானால், ஆடிக்காற்று முப்பந்தல் பக்கம் சின்ன வண்டியைச் சாலையோரத்துக்குத் தள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது எந்தத் திரையிலும் வராது. இந்தப் பட்டியல்கள் பெண்களிடையே வாய்வழியாகவும் செல்பேசி வழியாகவும் கைமாறுகின்றன. லாம்டனின் குழு இவற்றைக் குறித்ததில்லை.

இன்னொன்றும் கைமாறுகிறது. கிளம்புமுன் அந்தப் பகுதியின் வரைபடத்தைச் செல்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, ஊர் எல்லை தாண்டியதும் விமானப் பயணத்துக்கான நிலைக்கு மாற்றிவிடுவது. அழைப்பு வராது, வீட்டில் தெரியும் புள்ளி நின்றுவிடும். பெரும்பாலான செல்பேசிகளில் ஜி.பி.எஸ். மட்டும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும், வழி தெரியும். மறுபடி இணைக்கும்போது, "சிக்னல் இல்ல" என்று சொன்னால் போதும்.