மீண்டும் கூடிய மேடை

ஜமைக்காவில் 1950களின் இறுதியில் பிறந்த ஸ்கா இசை, குடியேறிகளோடு இங்கிலாந்து சேர்ந்தது. கார்த் தொழில் நலிந்துகொண்டிருந்த கொவென்ட்ரி நகரில் 1977இல் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய 'தி ஸ்பெஷல்ஸ்' குழு, அதனைப் பங்க் இசையின் வேகத்தோடு இணைத்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்றதே அன்று ஓர் அரசியல்.

1980இல் இவர்களது நேரடி நிகழ்ச்சிப் பதிவு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு, நகரங்களில் கலவரம் மூண்ட நாள்களில், டாமர்ஸ் எழுதிய 'கோஸ்ட் டவுன்' அதே இடத்தைப் பிடித்தது. அவ்வாண்டே மூவர் விலக, குழு உடைந்தது.

2009இல் மீண்டும் கூடினர். டாமர்ஸ் மட்டும் இல்லை. 2011ஆம் ஆண்டுப் பயணத்தின் பதிவு, 'மோர்... ஆர் லெஸ்' என 2012இல் வெளிவந்தது. தோற்றுவித்தவர் இல்லாத மேடை முழுமையாகுமா? ஆகாது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அப்பதிவை வெறும் பழம்பெருமை என ஒதுக்கிவிட இயலாது. வேலையின்மையும் இனவெறுப்பும் ஓயாதவரை அப்பாடல்களுக்கு மூப்பில்லை. தாளக் கலைஞர் ஜான் பிராட்பரி 2015இலும், பாடகர் டெர்ரி ஹால் 2022இலும் மறைந்துவிட்டனர். இனி அக்கூட்டுக்குரலை நாம் கேட்பது இத்தகைய பதிவுகளில்தான்.