கொட்டியாரத்துக் கைதியும் ‘பெட்லம்’ என்ற சொல்லும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக்குடாவில் சென்ற வாரம் நின்றோம். புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் பழுதுபார்க்க வந்து ஒதுங்கியது இங்கேதான். 1660இல் கரையிறங்கிய கப்டனையும் அவருடைய 19 வயது மகன் றொபேட் நொக்ஸையும் சேர்த்து 16 பேரைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தடியில்தான் அது நடந்தது என்பார்கள். அதற்கு வெள்ளைக்காரன் மரம் என்றே பெயர். தகப்பன் மறு வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல்தான் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

லண்டன் திரும்பிய நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் அச்சேறியது. அதற்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக். பள்ளியில் சுருள்வில்லைத் தொங்கவிட்டு நாம் படித்த ஹூக்கின் விதிக்குச் சொந்தக்காரர்.

அவர் கட்டடக் கலைஞரும்கூட. லண்டனில் 1676இல் கட்டி முடிந்த பெத்லெம் மனநோய் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் அவர் வரைந்தது. அந்த ஆஸ்பத்திரியோ 1247இல் கன்னி மரியாளின் பெத்லகேம் பெயரால் ஒரு மடமாகத் தொடங்கியது. 1400களின் தொடக்கத்திலேயே அங்கே மனநோயாளர் இருந்தார்கள். பெத்லகேம் வாயில் தேய்ந்து பெத்லெம் ஆகி, பெட்லம் ஆனது.

ஹூக் கட்டியது வெளியே பார்த்தால் அரண்மனை. வாசலின் மேலே இரண்டு கற்சிலைகள்: ஒருவன் வெறித்த பார்வையோடு சாய்ந்து கிடப்பான், மற்றவன் சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் திமிறுவான். அந்தச் சிலைகளின் கீழே நடந்துதான் ஊர்ச் சனம் உள்ளே போனது. நோயாளரை வேடிக்கை பார்க்கத்தான். உண்டியலில் காசும் போட்டார்கள். 1770 வரை அந்தக் கதவு வேடிக்கைக்காரருக்குத் திறந்தே கிடந்தது. எங்கே கூச்சல் குழப்பம் கண்டாலும் ஆங்கிலேயன் ‘பெட்லம்’ என்று சொல்வது இந்த ஆஸ்பத்திரியின் பெயரிலிருந்து வந்ததுதான்.

நம் களேபரமும் பொருள் மாறிய சொல்தான். வடமொழியில் அது உடம்பு. நம் வாயில் அமளி. ஆனால் களேபரம் என்று சொல்லும்போது எவருடைய வேதனையையும் நாம் இழிவாக்குவதில்லை. பெட்லம் அப்படி அல்ல. உள்ளே கிடந்தவர்களின் அலறலை வெளியே நின்று கேட்டவர்கள் வைத்த பெயர் அது. அவர்களுடைய துயரம் அதில் இல்லை, பார்த்தவர்களின் சிரிப்புத்தான் இருக்கிறது. நொக்ஸின் சிறைவாசத்தை அவர் எழுத்தாலேயே அறிகிறோம். பெட்லத்தில் கிடந்த பெரும்பாலானவர்களுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை.

அந்த ஆஸ்பத்திரி இடம் மாறி இன்றும் மனநோயாளருக்குச் சிகிச்சை அளிக்கிறது. நாமும் ‘அங்கொடைக்கு அனுப்ப வேணும்’ என்கிறோம்; தமிழ்நாட்டில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பார்கள். இரண்டு இடங்களிலும் இருப்பவை மனநோய் தீர்க்கும் ஆஸ்பத்திரிகள். அந்தக் கேலியை நம் பிள்ளைகளின் வாயில் பழக்காதீர்கள்.