வாடகை வீட்டு மோசடியும் தனித்தகவல் பாதுகாப்பும்: டென்மார்க்

டென்மார்க்கில் வாடகை வீடு தேடுவோரிடம் பணத்தையும் அடையாள ஆவணங்களையும் ஏமாற்றிப் பறிப்பது பல ஆண்டுகளாகத் தொடரும் குற்றம். இல்லாத வீட்டையோ தனக்கு உரிமையில்லாத வீட்டையோ வாடகைக்கு விடுவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 279ஆவது பிரிவின்கீழ் மோசடியாகும். கோபன்ஹேகன், ஆர்ஹுஸ், ஓடென்சே, ஆல்போர்க் ஆகிய பல்கலைக்கழக நகரங்களில் இலையுதிர்ப் பருவ வகுப்புகள் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கின்றன. அதற்கு முந்தைய வாரங்களில் வீடு கிடைப்பது மிகவும் கடினம். மோசடிக்காரர்களுக்கு ஏற்ற காலமும் அதுதான்.

1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் இந்த வாடகைச் சந்தையில் நேரடியாக இறங்க வேண்டியிருக்கவில்லை. டேனிஷ் அகதிகள் மன்றமும் நகராட்சிகளும் அவர்களை ஜட்லாந்தின் ஹேர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ முதலிய சிறு நகரங்களில் குடியமர்த்தின. இன்று தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கவோ வேலைக்கோ வருபவர் நிலைமை வேறு. விமானம் ஏறுவதற்கு முன்பே, பார்த்திராத ஊரில், பார்த்திராத வீட்டுக்கு, பார்த்திராத மனிதரிடம் பேச்சு நடத்த வேண்டியிருக்கிறது. பேச்சு தொடங்கி இரண்டாவது செய்தியிலேயே, "பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்கள்" என்று கேட்கிறார்கள்.

சிபிஆர் எண்

டென்மார்க்கில் தனித்தகவல் என்றால் முதலில் வருவது சிபிஆர் எண். சிபிஆர் எனப்படும் மையக் குடிமக்கள் பதிவேடு 1968 ஏப்ரல் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அங்கு பதிவு பெற்று வாழும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள், மாதம், ஆண்டு. கடைசி நான்கு வரிசை எண். அதன் இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக, பிறந்த தேதி தெரிந்தவருக்கு மறைவாக இருப்பவை நான்கே இலக்கங்கள். வரி, மருத்துவம், வங்கி, சம்பளம், நூலகம் எல்லாம் இந்த எண்ணில்தான் ஓடுகின்றன.

இந்த எண் எப்படியெல்லாம் வெளியே போகக்கூடும் என்பதற்கு அந்த நாட்டு அரசே சாட்சி. 2014 ஜூலையில், விளம்பரக் கடிதங்கள் வேண்டாம் என்று பதிவு செய்திருந்த சுமார் 9 லட்சம் பேரின் எண்கள் ஒரு கோப்பில் தவறுதலாக வெளியாயின. 2015 பிப்ரவரியில் நடந்தது இன்னும் பெரியது. ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிட்யூட் என்ற அரசு சுகாதார நிறுவனம், புள்ளியியல் துறைக்கு இரண்டு சிடிக்களைப் பதிவுத் தபாலில் அனுப்பியது. அவற்றில் 52,82,616 பேரின் சிபிஆர் எண்களும் மருத்துவத் தகவல்களும் எந்தப் பூட்டும் இல்லாமல் இருந்தன. தபால் அருகிலிருந்த சீன விசா மையத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த ஊழியர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 2016இல் செய்தி வெளிவந்தபோதுதான், நாட்டில் ஏறக்குறைய அனைவரின் தகவலும் ஒரு தபால் உறையில் அலைந்தது மக்களுக்குத் தெரிந்தது. சிபிஆர் எண் ஒருவரை அடையாளம் காட்ட மட்டுமே, அவர்தான் இவர் என்று நிரூபிக்க அதைக் கடவுச்சொல்போல ஏற்கக் கூடாது என்பதே அதிகாரிகளின் நிலைப்பாடு. நடைமுறையில் அந்த எண்ணைச் சரளமாகச் சொல்பவரை நம்பிவிடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மோசடிக்கு அது போதும்.

எண்ணைவிடவும் ஆபத்தானது மிட்ஐடி. முன்பிருந்த நெம்ஐடியின் இடத்தில் 2021 முதல் படிப்படியாக வந்த மின்னணுச் சாவி இது. வங்கிக் கணக்கைத் திறப்பதும், கடனுக்குக் கையொப்பமிடுவதும், அரசுக் கடிதங்களைப் படிப்பதும் இதன் வழியாகத்தான். "வாடகைதாரர் சரிபார்ப்பு" என்று ஒரு லிங்க் வந்து, கைபேசிச் செயலியில் ஒப்புதலுக்காக விரலை நகர்த்தச் சொன்னால், நகர்த்தியவர் எதற்கு ஒப்புதல் தருகிறார் என்பதைத் திரையில் உள்ள வரியைப் படித்தால்தான் அறியலாம். நீங்களாகத் தொடங்காத எந்த ஒப்புதலையும் தரவே கூடாது.

முகவரி என்னும் பொறி

புதிதாக வருபவர் சிக்கிக்கொள்வது ஒரு வட்டத்தில். சிபிஆர் எண் வேண்டுமென்றால் டென்மார்க்கில் முகவரி வேண்டும். வங்கிக் கணக்குக்கும் மிட்ஐடிக்கும் சிபிஆர் எண் வேண்டும். முதல் சம்பளம் சிக்கலில்லாமல் வர வேண்டுமென்றால் இவை எல்லாமே வேண்டும். எனவே முகவரி கிடைக்கும்வரை மனிதர் பாதி ஆள்தான். இந்தத் தவிப்பை வைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. "அறை உண்டு, சிபிஆர் பதிவு இல்லை" என்று சில விளம்பரங்கள். "பதிவு மட்டும் உண்டு, மாதம் இவ்வளவு" என்று வேறு சில.

இரண்டையும் ஒதுக்க வேண்டும். குடிபெயர்ந்தவர் ஐந்து நாட்களுக்குள் நகராட்சியிடம் புதிய முகவரியைத் தெரிவிப்பது சட்டக் கடமை. உண்மையில் குடியிருக்கும் வீட்டில் பதிவு செய்யக் கூடாது என்று வீட்டுக்காரர் தடுக்க முடியாது. அப்படித் தடுப்பவர் பெரும்பாலும் அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுபவராகவோ, வருமானத்தை வரித்துறையிடம் மறைப்பவராகவோ இருப்பார். குடியிருக்காத முகவரியில் காசு கொடுத்துப் பதிவு செய்தாலோ, அபராதம் பதிவு செய்தவர் தலையில்தான் விழும். சந்தேகம் எழுந்தால் நகராட்சி வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கும். வீட்டுக்காரரிடம் எழுத்து உறுதியும் கேட்கும்.

மோசடி நடக்கும் விதம்

பரவலான வகை இது. பழைய விற்பனை விளம்பரத்திலிருந்தோ குறுகிய காலத் தங்குமிடத் தளத்திலிருந்தோ படங்கள் எடுக்கப்படுகின்றன. கோபன்ஹேகனின் நல்ல பகுதியில், சந்தை விலையைவிடக் குறைந்த வாடகையில் ஒரு வீடு ஃபேஸ்புக் குழுவில் தோன்றுகிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்வார். சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும், வீடு பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறுவார். பேச்சு உடனே வாட்ஸ்அப்புக்கு மாறும். "இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், இன்றைக்குள் அனுப்பினால் உங்களுக்கு" என்று நெருக்குவார்.

நம்பிக்கை வர அவரே தன் பாஸ்போர்ட்டின் படத்தை முந்திக்கொண்டு அனுப்புவார். அந்தப் பாஸ்போர்ட் அசலாகவே இருக்கலாம், அதில் உள்ள மனிதரும் உண்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் இதற்கு முன் இதே ஆளிடம் வீடு கேட்டு ஏமாந்தவராக இருக்கக்கூடும். நேற்று விண்ணப்பித்தவரின் ஆவணம் இன்று வீட்டுக்காரரின் முகமாகிறது; இன்று விண்ணப்பிப்பவரின் ஆவணம் நாளை இன்னொருவரை ஏமாற்றும். பணம் பறிப்பும் தகவல் திருட்டும் வெவ்வேறு என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. பணம் அனுப்பாமல் தப்பித்தவர்கூட, ஆவணத்தை அனுப்பியிருந்தால், முழுதாகத் தப்பிக்கவில்லை.

இன்னொரு வகையில் வீடு உண்மையானது, ஆளும் நேரில் வருவார். சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடாகக் காட்டி, பத்துப் பேரை வரவழைத்து, பத்துப் பேரிடமும் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். நேரில் பார்த்துவிட்டோம் என்பது மட்டும் காப்பாகாது என்பதற்கு இது போதுமான சான்று.

எதை, எப்போது கொடுப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் டென்மார்க்கிலும் நடைமுறையில் உள்ளது. நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டுமே பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. டென்மார்க்கின் சொந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு சிபிஆர் எண்ணுக்குத் தனி நிபந்தனைகள் விதிக்கிறது. தனியார் அதைக் கையாள முதன்மையாகச் சட்டத்தின் கோரிக்கையோ உரியவரின் சம்மதமோ வேண்டும். விண்ணப்பிப்பவர் பதற்றத்தில் தாமே அனுப்பிவிடும்போது அந்தச் சம்மதத்தையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்.

வீடு பார்க்க வருவதற்குப் பெயரும் தொடர்பு எண்ணும் போதும். இன்னார் வருகிறார், இங்கே வேலை பார்க்கிறார் அல்லது படிக்கிறார், இத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று சொன்னால் முதல் கட்டம் முடிந்தது. வாடகை கட்டும் திறனை அறிய வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்பது நியாயமே. ஆனால் டேனிஷ் சம்பளச் சீட்டில் பொதுவாக முழு சிபிஆர் எண்ணும் இருக்கும். ஆண்டு வரிக் கணக்கிலும், மருத்துவரிடம் காட்டும் மஞ்சள் அட்டையிலும், ஓட்டுநர் உரிமத்திலும் அது உண்டு. கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மறைத்த பிறகே காப்பி அனுப்ப வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டை முழுதாக ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. இப்போது புழக்கத்தில் உள்ள பெரும்பாலான இந்தியப் பாஸ்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை, துணைவர் பெயர்களும் ஊர் முகவரியும் அச்சாகியிருக்கும். கோபன்ஹேகனில் அறை கொடுப்பவருக்கு அந்தப் பக்கத்தால் ஒரு பயனும் இல்லை. அனுப்பும் காப்பியின் குறுக்கே தேதியையும், "இந்த முகவரி வீட்டு விண்ணப்பத்துக்கு மட்டும்" என்ற வரியையும் எழுதிவிட்டால் அதை வேறிடத்தில் பயன்படுத்துவது கடினமாகும்.

சிபிஆர் எண் தேவைப்பட்டாலும் அதன் இடம் ஒப்பந்தம் முடிவாகும் கட்டத்தில், அதுவும் எதிரில் இருப்பவர் யார் என்று சரிபார்த்த பிறகு. வீட்டுப் படத்தைப் பார்த்த மாலையிலேயே அதைக் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரைச் சரிபார்த்தல்

டென்மார்க் ஒரு வசதியைச் செய்து வைத்திருக்கிறது. சொத்துப் பதிவு முழுவதும் 2009 முதல் மின்னணு முறையில், ஹோப்ரோ நகரில் உள்ள பதிவு நீதிமன்றத்தின் கீழ் இயங்குகிறது. மிட்ஐடி உள்ளவர் எவரும் அதன் தளத்தில் முகவரியைக் கொடுத்து உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். மிட்ஐடி இல்லாத புதியவர் அங்கிருக்கும் தெரிந்தவரைப் பார்க்கச் சொல்லலாம். பெயர் பொருந்தாவிட்டால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்க வீடுகளில் கட்டடம் சங்கத்தின் பெயரில் இருக்கும். அங்கே சங்க நிர்வாகக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்ல வேண்டும். வாடகைதாரரே உள்வாடகைக்கு விடுவதானால் மூல வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். லாபநோக்கற்ற சமூக வீட்டுவசதிக் கழகங்களின் வீடுகள் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியல் வழியாகவே கிடைக்கும். பட்டியலைத் தாண்டி வாங்கித் தருவதாகத் தனிமனிதர் பணம் கேட்டால் அவர் ஏமாற்றுகிறார், அல்லது சட்டத்தை மீறுகிறார்.

ஒப்பந்தத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பொதுப் படிவம் ஒன்று உண்டு. வழக்கத்திலிருந்து விலகும் நிபந்தனைகள் அதன் 11ஆவது பத்தியில் எழுதப்படும் என்பதால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஆனால் படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மோசடிக்காரரும் அதையே நிரப்பி அனுப்புகிறார். படிவம் அசல் என்பது வீட்டுக்காரர் அசல் என்பதற்குச் சான்றல்ல.

முன்பணம்

2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டத்தின்படி, வைப்புத்தொகையாக அதிகபட்சம் மூன்று மாத வாடகையும், முன்கூட்டிய வாடகையாக அதிகபட்சம் மூன்று மாதமும் கேட்கலாம். முதல் மாத வாடகையும் சேர்ந்தால் ஏழு மாதம். மாதம் 8,000 குரோனர் வாடகையுள்ள வீட்டுக்குள் காலெடுத்து வைக்க 56,000 குரோனர் வரை தேவைப்படலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இது உறுத்தாது என்பதே சிக்கல். இதற்கு மேல் கேட்டாலும் அவர் தயங்காமல் கொடுத்துவிடுவார். வீட்டைக் கொடுப்பதற்காகத் தனியே கேட்கப்படும் எந்தத் தொகையும் சட்டவிரோதம்.

பணம் டென்மார்க் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். பன்னாட்டுக் கணக்கு எண்ணின் முதல் இரு எழுத்துகள் டிகே என்று இல்லாவிட்டால் கணக்கு வேறு நாட்டில் இருக்கிறது. டென்மார்க்கில் வீடு வைத்திருப்பவர் வேறு நாட்டுக் கணக்கு, பணப் பரிமாற்ற முகவர், பரிசு அட்டை, கிரிப்டோ நாணயம் என்று கேட்டால் விலகிவிட வேண்டும். கணக்கு வைத்திருப்பவர் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தானே ஒப்புதல் தந்து அனுப்பிய பணத்தைத் திருப்பித் தரும் கடமை பொதுவாக வங்கிக்கு இல்லை.

உண்மையான வீட்டுக்காரரோடு வைப்புத்தொகையிலோ வாடகையிலோ தகராறு வந்தால் நகராட்சியின் வாடகைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மோசடிக்காரர்மீது அங்கே போய்ப் பயனில்லை, அது காவல்துறையின் வேலை.

ஏமாந்த பிறகு

முதலில் வங்கியை அழைத்து, அனுப்பிய பணத்தை நிறுத்த முடியுமா என்று கேட்க வேண்டும். மிட்ஐடி விவரம் வெளியே போயிருந்தால் உடனே அதை முடக்க வேண்டும். காவல்துறையின் இணையதளத்தில் புகார் பதியலாம். அவசரமில்லாத அழைப்புக்கு 114. விளம்பரம், உரையாடல், கணக்கு எண், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே எதிராளியைத் தடுக்க வேண்டும். முதலில் தடுத்துவிட்டால் சான்றுகள் சில நேரம் காணாமல் போய்விடும்.

சிபிஆர் எண் போய்விட்டதென்றால், அரசின் குடிமக்கள் தளத்தில் கடன் எச்சரிக்கை பதியலாம். இவர் பெயரில் கடன் கேட்டால் கவனமாக இருங்கள் என்று கடன் தருபவர்களுக்கு அந்தப் பதிவு சொல்லும். செலவில்லை, சில நிமிட வேலை. இப்படி ஒரு வசதி இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தகவலைத் தவறாகக் கையாண்ட நிறுவனத்தின்மீது டாட்டாதில்சூனெட் என்ற தரவுப் பாதுகாப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இவ்வளவுக்கும் முன்னால், அந்த ஊரில் இருக்கும் ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்த்து, பதிவேட்டில் பெயரையும் சரிபார்த்துச் சொன்னால், வெளிநாட்டிலிருந்து பேசும் மாணவர் பெரும்பாலான மோசடிகளிலிருந்து தப்பிவிடுவார். நாற்பது ஆண்டுகளாக டென்மார்க்கில் வேரூன்றியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் மிட்ஐடியும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது. கோடை விடுமுறையில் தெரியாத ஒரு பிள்ளை மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அழைத்து, "அண்ணா, இந்த முகவரியை ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா" என்று கேட்டால், தயவுசெய்து போய்ப் பாருங்கள்.