இறையும் கூலியும் – பாட்டிலும் கல்லிலும்

கவிஞர்கள் கூடித் தொகுக்கும் பத்தாம் ஆண்டு மலரில் வரியையும் கூலியையும் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் வரி கொள்ளும் முறையைக் குறித்து அரசன் முன் துணிந்து வாய் திறந்தவர்கள் தமிழில் புலவர்களே. நம் சொல்லாட்சியே இப்பொருளோடு பின்னிக் கிடக்கிறது. அரசனும் இறை, ஆண்டவனும் இறை, குடிகள் செலுத்துவதும் இறை. 'இறையிலி நிலம்' என்பதற்குக் 'கடவுள் இல்லாத நிலம்' என்று பொருள் எழுதிய தேர்வுத்தாள் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். வரி நீக்கப்பட்ட அந்நிலங்களில் பெரும்பகுதி கடவுளுக்கே உரியதாக இருந்தது என்பதை நினைந்து சிரித்துக்கொண்டே மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை (புறநானூறு 184) நம் வட்டத்தார் அனைவரும் அறிந்ததே. சிறு நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் யானைக்குப் பன்னாள் உணவாகும். அதே யானை தானே வயலுட் புகுந்தால், வாயில் புகுவதைவிடக் காலடியில் அழிவதே மிகுதி. இதனை வரிக்கொடுமைக்கு எதிரான பாட்டு என்றே பாடம் நடத்தி வந்தேன். பல்லாண்டு நடத்திய பின்னரே ஒன்று புலப்பட்டது. யானைக்குக் கவளம் தரத்தான் வேண்டுமா என்ற வினாவைப் புலவர் எழுப்பவில்லை. எவ்வாறு தருவது என்பதே அவர் பேச்சு. வயலுக்குரியவனும் அறுப்பவளும் அப்பாட்டில் வாய் திறப்பதில்லை.

வெள்ளைக்குடி நாகனார் இன்னும் ஒரு படி மேலே சென்றவர். மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும், பகைவரை வெல்லும் படையின் வெற்றியும் உழுபடையின் விளைவே என்றும் கிள்ளிவளவனுக்கு எடுத்துரைத்தார் (புறநானூறு 35). அவர் அரசனைக் கண்டு பழைய நிலவரிக் கடனை நீக்கிக்கொண்டார் என்று பாட்டின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. ஒரு செய்யுள் வரிநீக்கம் பெற்றுத் தந்தது என்பது நம்மனோர்க்குப் பெருமைதான். எனினும் நீக்கம் அரசன் அருளால் கிடைத்தது. அருளால் நீங்கியது அருள் மாறின் மீளும்.

பாட்டிலிருந்து கல்லுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றியதும், ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு வகுத்ததும் பதிவாகியுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு என்பதோடு எந்த அளவையால் என்பதையும் கல்லில் வெட்ட நேர்ந்திருக்கிறது. கூலி குறைவதற்கு மரக்கால் சிறுத்தாலே போதும் அல்லவா?

இக்கோயிலுக்குச் சோழநாட்டு ஊர்களோடு ஈழத்து ஊர்களும் நெல்லும் காசும் செலுத்தக் கடமைப்பட்டிருந்தன. ஓர் ஊரின் வரியே மற்றோர் ஊரின் கூலி ஆயிற்று. அவ்வரி வராவிட்டால் என்னவாகும் என்பதை உக்கல் கல்வெட்டு கூறுகிறது. இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை அது. ஊரார் பிறர் செலுத்தியிருக்க, ஈராண்டுக்கு மேல் நிலவரி செலுத்தாதவர்களின் காணியை ஊராரே விற்றுவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆடற்கலைக்கு 100 கலம் அளந்த அதே ஆட்சிதான் இதையும் செய்தது. சோழர் காலத்தைப் பொற்காலம் என்று மேடையில் முழங்குவோரும், கொடுங்காலம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோரும் இவ்விரு கல்வெட்டுகளையும் சேர்த்துப் படிப்பதில்லை.

கூலி ஏன் நெல்லாகக் குறிக்கப்பட்டது? காசின் மதிப்பு நிலையாக நின்றதில்லை. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்றும், 'பழங்காசு' என்றும் நாணயத்தை அடையிட்டுக் குறிப்பதைக் காண்கிறோம். வெறும் காசு என்று எழுதினால் எந்தக் காசு என்ற வழக்கு எழுந்திருக்கும். தஞ்சை மாவட்டத்தில் நடவுக்குச் சென்ற என் பாட்டி, பணமாகக் கூலி தருவோம் என்றால் முகம் சுளிப்பார். பணம் கடைக்குப் போவதற்குள் கரைந்துவிடும், நெல் பானைக்குள் கரையாது என்பது அவர் கணக்கு. விலைவாசி உயர்வு என்ற தொடரை அவர் அறியார். அதன் வேலையை நன்கறிந்திருந்தார். எனக்கு அரசு அகவிலைப்படி தருகிறது. அதே துறையில் என்னோடு பாடம் எடுக்கும் தொகுப்பூதிய ஆசிரியைக்கு அது இல்லை. இருவரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகிறோம். ஒரே வரியைத்தான் செலுத்துகிறோம்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 1429ஆம் ஆண்டு, விசயநகர வேந்தர் இரண்டாம் தேவராயர் காலம். காவிரிப் படுகையில் கொறுக்கையிலும், நடுநாட்டில் விருத்தாசலத்திலும் வலங்கை 98, இடங்கை 98 பிரிவினர் கூடி முடிவெடுத்துக் கோயிற்சுவரில் வெட்டிவைத்தனர். ஒருவரோடொருவர் பூசலிடுபவர்கள் என்றே பிற்கால வரலாற்றில் நாம் அறியும் இவ்விரு பிரிவினரும் ஒன்றாய் நின்ற அரிய தருணம் அது. நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

கொறுக்கைக் கல்வெட்டின் வாதம் கவனிக்கத்தக்கது. நிலத்தின் விளைச்சலுக்கேற்ப வரி விதிக்காமல் முறைகேடாக விதித்தமையால் ஊரைவிட்டு ஓடிப்போக எண்ணினோம். மண்டலத்தார் நாம் ஒன்றுபடாமையால்தான் இந்த அநீதி நேர்ந்தது என்று உணர்ந்தோம். இனி விளைவுக்கேற்ற நியாயமான வரியையே செலுத்துவோம், முறையற்று விதிப்பதைச் செலுத்தோம் என்பது அதன் கருத்து. ஓடிப்போவதுதான் அதுவரை உழுகுடிக்குத் தெரிந்த எதிர்ப்பு. அதைக் கைவிட்டு இருந்த இடத்திலேயே நிற்பதென முடிவு செய்கிறார்கள். வரியே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதும் நோக்கத்தக்கது. எது நியாயமான வரி என்று சொல்லும் உரிமையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். பிசிராந்தையார் அரசனின் அறிவுக்கு விட்டுவைத்த இடத்தில் வயலுக்குரியவர்கள் வந்து அமர்ந்தார்கள். பாட்டைவிட இக்கல்வெட்டே வரியின் நெறியை ஆழமாகப் பேசுகிறது என்பது என் துணிபு. நம் வட்டத்துக் கவிஞர்கள் சினக்கக் கூடும்.

விருத்தாசலத்து முடிவு இன்னும் கடுமையானது. அரசு அதிகாரிகளும் ஜீவிதக்காரரும் துன்புறுத்துகின்றனர். காணியாளரும் பிராமணரும் வரி தண்டுகின்றனர். ஆகவே அவர்களுக்கு வலங்கை இடங்கையார் எவரும் அடைக்கலம் தரலாகாது, இம்மண்டலத்தில் பிறந்த எவரும் அவர்களுக்குக் கணக்கெழுதலாகாது. மீறுபவரைக் குத்திக் கொல்லலாம் என்றும் முடித்திருக்கிறார்கள். இக்கடைசி விதியைப் படிக்குந்தோறும் என் மனம் பின்வாங்குகிறது. ஒப்புதல் இன்றி வரி கொள்வது முறையன்று என்று கூடியவர்கள், தங்கள் ஒப்பந்தத்திற்குக் கத்தியைக் காவல் வைத்தார்கள். கூடிய அவையில் தயங்கி நின்றவர் எத்தனை பேரோ! அரசனுக்கு எதிரே நின்ற நீதியும் அரசனைப் போலவே நடந்துகொண்டது. இதை மறைத்து அவர்களைப் போற்றுவது அவர்களுக்கும் நமக்கும் நேர்மையாகாது.

ஆயினும் 'கணக்கெழுதலாகாது' என்ற விதி என்னை விடவில்லை. எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது, யார் எவ்வளவு பாக்கி என்று எழுதித் தருபவன் இல்லாமல் எந்த அரசும் வரி தண்ட முடியாது. புலவர் எழுதியதால் கிள்ளிவளவனிடம் வரி நீங்கிற்று. இவர்கள் எழுத மறுப்பதால் நீங்கட்டும் என்றார்கள்.

சென்ற ஆண்டு முதுகலை மாணவியரோடு விருத்தாசலம் சென்றிருந்தேன். இச்செய்தியைச் சொல்லி முடித்தபோது, மாலையில் துணிக்கடையில் கணக்கெழுதிப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மாணவி ஒருவர் கேட்டார்: "கணக்கெழுத மாட்டேன்னு சொன்னவங்களுக்கு அந்த வருஷம் கூலி யார் கொடுத்திருப்பாங்க, அம்மா?" என்னிடம் விடை இல்லை. பேருந்து வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.