டிக்கன்ஸின் குரலில் ஒரு கிறிஸ்துமஸ் கதை

1853-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மண்டபத்தில் ஏறத்தாழ 2,500 பேர் கூடியிருந்தனர். பெரும்பாலோர் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைத்துப் பிழைப்பவர்கள். மேடையில் நடிகர் கூட்டம் இல்லை, வேடமும் இல்லை. கையில் ஒரு புத்தகத்துடன் ஒரே ஒருவர் வந்து நின்றார். அவர் சார்லஸ் டிக்கன்ஸ். பத்து ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய ‘கிறிஸ்துமஸ் கரோல்’ என்னும் கதையை அவர் படிக்கலானார்.

அந்நகரில் தொடங்கவிருந்த ஒரு கல்வி நிலையத்திற்குப் பொருள் திரட்டவே இந்த ஏற்பாடு. மூன்று நாள் முன்னதாக அதே மண்டபத்தில் அதே கதையை அவர் ஒரு முறை படித்திருந்தார். ஆயினும், உழைப்பாளருக்கென்று தனியே ஓர் இரவு ஒதுக்கி, அவர்களால் இயன்ற சிறு கட்டணத்திற்கு அவர்களை உள்ளே விட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருந்தார். அவ்வாறே ஆறு பென்ஸ் கட்டணம் வைக்கப்பட்டது.

இந்த ஆறு பென்ஸின் அருமை கதையை அறிந்தவர்க்கே விளங்கும். 1843 டிசம்பர் 19-இல் நூல் வெளிவந்தபோது அதன் விலை ஐந்து ஷில்லிங். பொன் எழுத்துகளும் வண்ணப் படங்களுமாக அழகிய பதிப்பு. முதலில் அச்சிட்ட 6,000 படிகளும் பண்டிகைக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆனால், கதையில் வரும் ஏழை எழுத்தர் பாப் கிராட்சிட்டுக்கு வாரக்கூலி பதினைந்து ஷில்லிங். தன் கதை அடங்கிய நூலை அவன் வாங்க விரும்பினால் வாரக்கூலியில் மூன்றில் ஒரு பங்கைத் தர வேண்டும்! அச்சு எட்டாத இடத்திற்குக் குரல் எட்டியது. நூலின் விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கதை முழுவதும் கிடைத்தது.

கதை பிறந்ததும் இத்தகைய மக்களை எண்ணியே. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர் படும் துன்பத்தைப் பற்றிய அரசாங்க விசாரணை அறிக்கை 1843-இல் டிக்கன்ஸின் நெஞ்சை வருத்தியது. லண்டனில் கந்தலுடுத்த பிள்ளைகளுக்கென நடந்த ஒரு பள்ளியையும் அவர் நேரில் கண்டார். முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தவர், அதைக் கைவிட்டுக் கதையை எழுதினார்.

அவர் படித்த முறையும் கருதத்தக்கது. கஞ்சன் ஸ்குரூஜின் கரகரப்பும், கிராட்சிட்டின் பணிவும், நோயாளிச் சிறுவன் டிம்மின் மெல்லிய சொல்லும் ஒரே தொண்டையிலிருந்து மாறி மாறி எழுந்தன. நூலின் தாள்களைப் பெரிய தாள்களில் பதித்து, ஓரங்களில் குரலின் ஏற்ற இறக்கங்களைக் குறித்து வைத்திருந்தார். அந்தப் படி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது. தொடக்கத்தில் மூன்று மணி நேரம் ஓடிய வாசிப்பு, வெட்டி வெட்டிப் பின்னாளில் ஏறத்தாழ ஒன்றரை மணியாயிற்று. அறியாமை, வறுமை என்னும் இரு குழந்தைகளை ஆவி ஸ்குரூஜுக்குக் காட்டும் பகுதியும் அவ்வாறு விடுபட்டது. கதை எழுதக் காரணமாயிருந்த சினம் மிகுதியும் அப்பகுதியில்தான் உள்ளது. மேடைக்கு அது பொருந்தாதிருந்திருக்கலாம். ஆனாலும் அந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

1858-இல் டிக்கன்ஸ் தம் சொந்த வருவாய்க்காகவே படிக்கத் தொடங்கினார். நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் அதைத் தடுத்தார். எழுத்தாளன் மேடையேறிப் பொருள் ஈட்டுவது அவனுக்குத் தாழ்வு என்பது அவர் கருத்து. டிக்கன்ஸ் கேட்கவில்லை. கூட்டத்தின் சிரிப்பையும் கண்ணீரையும் நேரே பெற்ற ஒருவர் தனி அறைக்கு எளிதில் திரும்புவாரா? 1867 டிசம்பரில் பாஸ்டன் நகரில் தொடங்கிய அமெரிக்கப் பயணத்தில், கடுங்குளிரிலும் மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்று சீட்டு வாங்கினர். 76 முறை படித்து ஏறத்தாழ 19,000 பவுன் ஈட்டினார். உடல்நலமோ குன்றியது.

அவர் அடங்கவில்லை. ‘ஆலிவர் டுவிஸ்ட்’ நூலில் நான்சி கொலையுண்ணும் பகுதியை 1869 முதல் மேடையில் நடித்தே காட்டினார். அப்போது அவருடைய நாடித் துடிப்பு அஞ்சத்தக்க அளவு உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மருத்துவர்கள் பயணத்தை இடையிலேயே நிறுத்தினர். ஃபார்ஸ்டரின் அச்சம் வேறொரு வகையில் மெய்யாயிற்று: குறைந்தது அவருடைய பெருமையன்று, ஆயுள்.

1870 மார்ச் 15-இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் விடைபெறும் வாசிப்பு நடந்தது. கொலைக் காட்சியை அன்று அவர் எடுக்கவில்லை. ‘பிக்விக்’ நூலின் வழக்கு மன்றக் காட்சியையும், அதற்கு முன்னதாகப் பர்மிங்காம் தொழிலாளர் கேட்ட அதே கிறிஸ்துமஸ் கதையையும் படித்தார். பின்னர்ச் சில சொற்களில் விடைபெற்று இறங்கினார். ஜூன் 9-ஆம் நாள் காலமானார்.